பசை மேல் மிஷின் ஓட்டாதீர்கள்

புரசைவாக்கம் வாசகி ஒருவரின் கவலை இது: தாத்தா கட்டிய வீடு, மாடி ஹாலில் தேக்குப் பலகைத் தரை. இருபது வருடத்துக்கு முன் அதன் மேல் வினைல் கார்ப்பெட் ஒட்டியிருக்கிறார்கள். உரித்தால் பலகை முழுக்க மஞ்சள் பசை. பார்க்க வந்த கான்ட்ராக்டர் சதுர அடிக் கணக்கில் மிஷின் போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்கிறாராம். சரி என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். மிஷின் ஓடும் சூட்டில் பசை இளகி உப்புத்தாளில் அப்பிக்கொள்ளும். தாளுக்குத் தனியாகக் காசு கேட்பார். அப்புறம் முரட்டுத் தாளாகப் போட்டு அழுத்துவார். பசை போகும், கூடவே தேக்கும் போகும். பலகையில் விழுந்த பள்ளம் ஜன்னல் வெயில் சாய்வாக அடிக்கும்போதுதான் கண்ணில் படும். அதற்குள் அவர் பாக்கிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போயிருப்பார். சதுர அடிக் கணக்கில் சீக்கிரம் முடிப்பவருக்குத்தான் லாபம், நல்லபடி முடிப்பவருக்கு இல்லை. டைல்ஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றலாம் என்று யாராவது ஆரம்பித்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மூலையில் ஒரு இடத்தில், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். பசை வெளுத்துக் குழைந்தால் வெந்நீரும் பெயின்டர்கள் பட்டி பார்க்கும் தகட்டு பிளேடுமே போதும். அசையவில்லையா, ரப்பர் பசை. பெயின்டில் கலக்கும் மினரல் டர்பன்டைனில் நனைத்த பனியன் வேஸ்ட்டை (பனியன் கம்பெனிக் கழிவுத் துணி) பரப்பி, பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு முனை மழுங்கிய பிளேடைப் படுக்கவைத்து, மர ரேகை ஓடும் திசையிலேயே தள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு முறத்தளவு இடம், அதற்கு மேல் வேண்டாம். பழைய பாலிஷும் கொஞ்சம் வரும், வரட்டும்.

லாக்கர் பெயின்டைக் கரைக்கும் என்.சி. தின்னர் இன்னும் வேகம்தான், ஆனால் அதன் ஆவி தரையோடு பரவிப் பக்கத்து அறை பூஜை விளக்கைத் தேடிப் போகும். டர்பன்டைனும் சாது இல்லை. ஏறக்குறைய 40 டிகிரியில் தீப்பிடிக்கும் ஆவி எழும். நம் மே மாதம் அதைத் தொட்டுவிடுகிறது. ஜன்னல்களைத் திறந்து வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, தை மாதத்தில் செய்யுங்கள்.

ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். தார் மாதிரிக் கறுப்புப் பசை. உங்களுடையது மஞ்சள் என்கிறீர்கள், இருந்தாலும் நிலைப்படி ஓரத்திலும் பீரோ நின்ற இடத்திலும் பாருங்கள். கார்ப்பெட்டுக்கும் முந்தைய தரை விரிப்பு ஏதாவது இருந்திருந்தால் அதன் பசை அடியில் கிடக்கலாம். பழைய கறுப்புப் பசை சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். காய்ந்தபடி சுரண்டினால் தூசி நுரையீரலுக்குப் போகும். நோய் தெரியவர இருபது, முப்பது வருடம் ஆகலாம். நகத்தால்கூடக் கீறாதீர்கள். ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் கை வைக்க வேண்டும். கூரை ஷீட்டாக ஆஸ்பெஸ்டாஸ் இன்றும் கடையில் விற்கிற நாட்டில், பசைக்குள் இருப்பதை யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

நனைந்த வேஸ்ட்டைக் குப்பையில் போடாதீர்கள். மூடி உள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் அமுக்கி வையுங்கள். இப்படிப்பட்ட அபாயகரமான வீட்டுக் கழிவுக்கு இருபது சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் எழுதினார்கள். உங்கள் பகுதிக்கு எது என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். முதலில் உங்களை வேறு மேஜைக்கு அனுப்புவார்கள், அங்கேயும் போய்க் கேளுங்கள்.