மூழ்கிய கப்பலும் வரைபடத்து மீன்முள்ளும்

கேள்வி: துறைமுக அலுவலகம் ஒன்றின் சுவரில் இருந்த கடல் வரைபடத்தில் மீன்முள்ளைப் போன்ற சிறு குறிகளைக் கண்டேன். சிலவற்றைச் சுற்றிப் புள்ளிக்கோடு இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. வேறு சில இடங்களில் புள்ளி வட்டத்துக்குள் ஓர் எண் மட்டுமே இருந்தது. எல்லாமே மூழ்கிய கப்பல்கள்தாம் என்றார்கள். ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை வடிவங்கள்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: மூழ்கிய கப்பல் எத்தகையது என்பதில் கடல் வரைபடத்துக்கு அக்கறை இல்லை. அதன்மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்பவற்றையே அது மாலுமிக்குச் சொல்கிறது.

ஆழம் அளக்கப்படாத கப்பலுக்குத்தான் நீங்கள் கண்ட மீன்முள் குறி. மேலே செல்லும் கலத்துக்கு அது ஆபத்தாகலாம் என்று கருதினால் சுற்றிலும் புள்ளிக்கோடு இடுவார்கள். கப்பலின்மேல் நிற்கக்கூடிய நீரை மதிப்பிட்டு இதை முடிவு செய்வார்கள்: பிரிட்டிஷ் வரைபடங்களில் இதற்கான வரம்பு 28 மீட்டர், அமெரிக்க வரைபடங்களில் 20 மீட்டர். பிரிட்டனில் 1960-க்கு முன்பு இவ்வரம்பு 8 பாகமாக (பாகம் என்பது கடலாழத்தை அளக்கும் பழைய அலகு), அதாவது ஏறத்தாழ 14.6 மீட்டராகத்தான் இருந்தது. கப்பல்கள் பெருத்து, நீருக்குள் மேலும் ஆழமாக அமிழத் தொடங்கியதால், அது படிப்படியாக உயர்ந்து 1968-இல் இன்றைய அளவை எட்டியது. ஆகவே பழைய வரைபடம் ஒன்றில் புள்ளிக்கோடு இல்லாத மீன்முள்ளைக் கண்டு, அவ்விடம் இன்றைய கப்பலுக்கும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது.

ஆழம் தெரிந்துவிட்டால் மீன்முள் மறைந்து, புள்ளி வட்டத்துக்குள் எண் வந்துவிடும். அந்த எண்ணைப் படிப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. வெறும் 12 என்றால், அளவீட்டில் கிடைத்த மிகக் குறைந்த ஆழம் 12 மீட்டர் என்று பொருள். எண்ணின் அடியில் தொட்டிபோல் ஒரு கோடு இருந்தால், கம்பியை நீருக்குள் இழுத்துச் சென்றோ முக்குளிப்பவரைக் கொண்டோ அந்த ஆழத்தை உறுதி செய்திருக்கிறார்கள். எண்ணின் தலைமேல் கோடு இருந்தாலோ, சரியான ஆழம் தெரியாது, ஆயினும் 12 மீட்டர் வரை தடையில்லை என்று கருதப்படுகிறது என்பதே பொருள். என் பார்வையில், முழுக் குறிமுறையிலும் மிக நேர்மையான குறி இதுதான்.

கிடப்பது கப்பலா வேறு பொருளா என்று தெரியாதபோது ‘தடை’ என்பதற்கான ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் எழுதுவார்கள். மேலே கடந்து செல்லலாம், ஆனால் நங்கூரமோ இழுவலையோ சிக்கும் என்ற இடத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக இரட்டைக் கோடுகள் வெட்டும் குறி உண்டு.

கேள்வி: தேம்ஸ் முகத்துவாரத்தில் கம்பங்கள் நீருக்கு மேலே தெரிய மூழ்கிக் கிடக்கும் கப்பலை எப்படிக் காட்டுவார்கள்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: நீங்கள் கேட்பது, 1944 ஆகஸ்டில் ஷீர்னஸ் அருகே மணல்திட்டில் தட்டி உடைந்த ‘ரிச்சர்ட் மாண்ட்கோமரி’ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலாக இருக்க வேண்டும். கம்பம் மட்டும் வெளியே தெரியும் கப்பலுக்கு, பொது விதிப்படி, புள்ளிக்கோடு சூழ்ந்த மீன்முள்ளின் அருகில் ‘கம்பங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் போதும். இதற்கு அது போதாது, ஏனெனில் அதன் வயிற்றில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இன்னும் இருக்கிறது. 1973-ஆம் ஆண்டின் சட்டப்படி அதைச் சுற்றிலும் நுழைவதற்குத் தடை உண்டு. இத்தகைய பகுதிகளின் எல்லை வரைபடத்தில் கருஞ்சிவப்பு நிற விட்டுவிட்ட கோடாக ஓடும். அக்கோட்டிலிருந்து கிளைக்கும் சிறு கால்கள் தடையுள்ள பக்கத்தை நோக்கியே நீண்டிருக்கும்.