மூக்குச் சீரமைப்பில் செயற்கைப் பொருள்கள்: கேள்வி பதில்

கேள்வி: சிறு வயதில் அடிபட்டதால் என் மூக்குத்தண்டு பள்ளமாகிவிட்டது. சிலிகான் வைத்தால் போதும் என்கிறார்கள். சரியா?

பதில்: அடிபட்ட மூக்கில் பெரும்பாலும் உள்ளே இரு துளைகளையும் பிரிக்கும் இடைச்சுவரும் உடைந்தோ வளைந்தோ இருக்கும். தாங்குகிற சுவர் சரிந்திருக்கும்போது மேலே சிலிகானை வைத்தால், பள்ளம் மறையுமே தவிர மூச்சடைப்பு தீராது. ஆகவே முதலில் உட்புறத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சுவர் உறுதியாகவும் தோல் தடிப்பாகவும் இருந்தால், தண்டின்மேல் மட்டும் அமரும் சிலிகான் துண்டைப் பற்றி யோசிக்கலாம். கொரியாவில் இது பல்லாண்டுகளாக வழக்கத்தில் உள்ளது. ஆனால் அங்கே பலருக்கு மூக்குத் தோல் தடிப்பானது என்பதால், அந்த முடிவுகளை மெல்லிய தோல் உள்ளவர்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

கேள்வி: சிலிகான், மெட்போர், கோர்-டெக்ஸ் மூன்றில் எது நல்லது?

பதில்: வைப்பதற்கு முன்பே, எடுக்க நேர்ந்தால் என்னவாகும் என்று கேளுங்கள். சிலிகானில் துளைகள் இல்லை. உடல் அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறையை உருவாக்குமே தவிர அதனோடு ஒட்டாது என்பதால், அது நகரக்கூடும், ஆனால் எளிதில் வெளியே எடுத்துவிடலாம். மெட்போர் துளைகள் நிறைந்த பாலிஎத்திலீன். துளைகளுக்குள் திசுவும் இரத்தக் குழாய்களும் வளர்ந்து அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும். தொற்று வந்து எடுக்க வேண்டியிருந்தால், அதே பிடிப்பினால் சுற்றியுள்ள திசுவும் சேதமாகும். கோர்-டெக்ஸ் என்பது நுண்துளைகள் கொண்ட டெஃப்ளான் வகைப் பொருள்; பிடிப்பிலும் எடுப்பதிலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

கேள்வி: என் தங்கைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் 'எல்' வடிவச் சிலிகான் வைத்தார்கள். இப்போது நுனி சிவந்து பளபளக்கிறது, வலி இல்லை. பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து பொறுக்க வேண்டாம். தண்டின்மேல் படிந்து நுனியில் மடங்கி இறங்கும் அந்த வடிவத்தின் மடங்கிய முனை நுனித் தோலை உள்ளிருந்து ஓயாமல் அழுத்துவதால், அவ்விடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து தோல் மெலிகிறது. முதலில் சிவப்பு, பிறகு பளபளப்பு, கடைசியில் உள்ளிருக்கும் சிலிகானின் வெண்மையே தெரியும். தோல் கிழிவதற்கு முன் எடுத்துவிட்டால், பெரும்பாலும் காதுக் குருத்தெலும்பைக் கொண்டு நுனியைச் சீராக்க முடியும். கிழிந்து தொற்றும் சேர்ந்தால் தழும்பு சுருங்கி மூக்கே குட்டையாகிவிடும். அதைத் திருத்துவது மிகக் கடினம். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை மட்டும் நம்பி நாள் கடத்தாமல், உடனே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சொந்தக் குருத்தெலும்பில் குறையே இல்லையா?

பதில்: உண்டு. விலாவில் எடுத்தது நாளடைவில் வளையலாம், மார்பில் தழும்பும் இருக்கும். காதில் கிடைப்பது கொஞ்சம்தான். ஆனாலும் நுனிக்கும், முன்பே அறுவை நடந்த மூக்குக்கும் நான் சொந்தக் குருத்தெலும்பையே பரிந்துரைப்பேன்.