'எனக்கு ஹொபியே இல்லை, அக்கா'

கேள்வி: எனக்கு வயது 24. அடுத்த மாதம் ஐ.ஈ.எல்.ரி.எஸ் ஆங்கிலச் சோதனை. எழுத்தும் வாசிப்பும் ஓரளவு சரி, ஸ்பீக்கிங்தான் பயம். பொழுதுபோக்கு பற்றிக் கேட்டால் சொல்வதற்கு நீச்சல் என்று ஒரு பந்தியை வகுப்பில் பாடமாக்கத் தந்தார்கள். மாதிரிச் சோதனையில் அதைக் கடகடவென்று ஒப்புவித்தேன். "எங்கே நீந்துவீர்கள்?" என்று சேர் கேட்டதும் வாயடைத்துப் போனேன். உண்மையில் எனக்கு ஹொபி என்று ஒன்றும் இல்லை அக்கா. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடினேன், ஏ.எல்லோடு அதுவும் போய்விட்டது. இப்போது வீட்டு வேலை, கோடியில் நாலு பாத்தித் தோட்டம், அவ்வளவுதான். இதைப் போய் அங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக அந்த நீச்சல் பந்தியைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். முத்தையன்கட்டுக் குளத்தில் நீந்துகிறேன் என்று சொல்லித் தப்பியிருந்தாலும், "அங்கே முதலை இல்லையா?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கும்.

அந்த அறையில் உங்கள் ஹொபிக்கு யாரும் புள்ளி போடுவதில்லை. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நாலே விடயம்தான், நாலுக்கும் சம பங்கு. பியானோ வாசிக்கிற பிள்ளைக்கும் பாத்தி கட்டுகிற பிள்ளைக்கும் ஒரே அளவுகோல். பாடமாக்கியதை ஒப்புவித்தால் எதிரில் இருப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார், அவருக்கு அது ஒரு நாளில் எத்தனையாவது நீச்சலோ.

என்னிடம் படித்த ஒரு தம்பியின் கதை சொல்கிறேன். மீன்பிடி பற்றிக் கேட்டால் "ஃபிஷிங் இஸ் வெரி குட் ஹொபி" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவான். ஒரு நாள் வகுப்பு முடிந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, விராலை எப்படிப் பிடிப்பாய் என்று தமிழில் கேட்டேன். சின்னத் தவளையைத் தூண்டிலில் கொழுவி, தாமரை இலை ஓரமாகத் தண்ணீரைத் தட்டித் தட்டி இழுப்பானாம், விரால் பாய்ந்து கவ்வினாலும் உடனே இழுக்கக் கூடாதாம், விழுங்கும்வரை பொறுக்க வேண்டுமாம். இதைத்தானடா அங்கே சொல்ல வேண்டும் என்றேன். "விராலுக்கு இங்கிலிஷ் தெரியாதே மிஸ்" என்றான். தெரியாவிட்டால் என்ன, பாம்புத் தலை மாதிரித் தலையுள்ள கறுப்பு மீன் என்று சுற்றி வளைத்துச் சொல்லலாமே. அப்படி வேறு சொற்களால் விளக்கிக் காட்டுவதற்கும் சொல்வளத்தில் மதிப்பு இருக்கிறது.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். மொத்தம் 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. முதல் பகுதியில் உங்களைப் பற்றிச் சின்னச் சின்னக் கேள்விகள்தான் வரும், இரண்டு மூன்று வசனம் போதும். விட்டுப்போன விளையாட்டு என்று கவலைப்படுகிறீர்கள், ஆனால் "ஐ யூஸ்ட் டு பிளே நெட்போல்" என்று தொடங்கினாலே நல்ல இலக்கணம் ஒன்று கையில் வந்துவிடுகிறது. "ஐ ஆம் லைக் நெட்போல்" மட்டும் வேண்டாம், அந்த 'ஆம்' எங்கள் பிள்ளைகளின் வாயில் எப்படித்தான் ஒட்டிக்கொள்கிறதோ. பந்தாட்டங்களுக்கு 'பிளே', நீச்சல், மீன்பிடி போன்றவற்றுக்கு 'கோ', கராத்தே, யோகாவுக்கு 'டூ'. இதில் தடுமாறாதீர்கள்.

இரண்டாம் பகுதியில் ஓர் அட்டை தருவார்கள். யோசிக்க ஒரு நிமிடம், குறிப்பெடுக்கத் தாளும் பென்சிலும் தருவார்கள், பிறகு ஒன்று முதல் இரண்டு நிமிடம் நீங்களே கதைக்க வேண்டும். பலரும் விழுவது இங்கேதான். "விளையாட்டு உடலுக்கு நல்லது" என்று பொதுவாகத் தொடங்கினால் முப்பது விநாடியில் சரக்கு தீர்ந்துவிடும். நீங்கள் எந்த இடத்தில் விளையாடினீர்கள் என்று எழுதவில்லை. கோல் கீப்பர் என்று வைத்துக்கொள்வோம். எதிரணிப் பிள்ளை வளையத்துக்குக் குறி பார்க்கிறாள், நீங்கள் மூன்றடி தள்ளி நின்று, குதிக்கால் உயர்த்தி, கையை நீட்டி மறைக்கிறீர்கள், அவள் மூன்று விநாடிக்குள் பந்தை விட்டாக வேண்டும். அந்த மூன்று விநாடியை மட்டும் சொல்லுங்கள், வெயில், புழுதி, ஓரத்தில் நின்று கத்துகிற ரீச்சர் எல்லாம் சேர்த்து. இரண்டு நிமிடம் போதாமல், சோதிப்பவர்தான் உங்களை நிறுத்த வேண்டிவரும். தாளில் வசனம் எழுத வேண்டாம், 'புழுதி', 'மூன்றடி' என்று சொற்களை மட்டும் குறியுங்கள், தமிழில் குறித்தாலும் பிழையில்லை.

மூன்றாம் பகுதியில் கேள்வி பெரிதாகும். இளையவர்கள் ஏன் விளையாட்டை விட்டுவிடுகிறார்கள், அரசு காசு செலவழிக்க வேண்டுமா, இந்த மாதிரி. அதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறதே தங்கச்சி. ஏ.எல் முடிந்ததும் உங்களோடு விளையாடிய பிள்ளைகளில் எத்தனை பேர் பந்தைத் தொட்டார்கள்? பின்னேரம் மைதானம் பெடியன்களுக்கு, பெட்டைகளுக்கு வீட்டு வேலை. இதைச் சொல்லுங்கள், கோபமாகவே சொல்லுங்கள். உதாரணம் வேண்டுமென்றால் 2018இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியும் அதில் ஆடிய எங்கள் தர்ஜினி சிவலிங்கமும் இருக்கிறார்கள். கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேட்கலாம், அது குற்றமில்லை.

தோட்டத்தையும் விடாதீர்கள். இன்று பின்னேரம் போனில் ரெக்கோர்டரைப் போட்டுவிட்டு, பயிற்றங்கொடிக்குத் தடி நட்டதையும் குரங்கு வந்து பிய்த்துப் போட்டதையும் இங்கிலிஷில் இரண்டு நிமிடம் சொல்லிப் பாருங்கள். பயிற்றங்காய்க்கு 'லோங் பீன்ஸ்' என்றால் போதும். குரங்கைத் திட்டுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மரியாதை பார்த்துக்கொள்ளுங்கள்.