நானோ அளவில் குவாண்டம் உணரிகள்: ஆய்வுக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். நானோ அளவிலான குவாண்டம் உணரிகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. குவாண்டம் இயக்கவியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது போதுமா?

பதில்: அது அவசியம், ஆனால் இத்துறையில் ஆய்வாளரின் பெரும்பாலான நாள்கள் லேசரையும் ஆடிகளையும் சீரமைப்பதிலேயே கழிகின்றன. ஆகவே கைப்பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.

இத்துறையில் காந்தப்புலத்தை அளக்க மிகுதியும் பயன்படும் உணரி, வைரத்தில் ஒரு கார்பன் அணுவின் இடத்தில் நைட்ரஜனும் அதையொட்டி ஒரு காலியிடமும் அமைந்த குறைபாடு. பச்சை லேசர் பட்டால் அது சிவப்பாக ஒளிரும். நுண்ணலையின் அதிர்வெண்ணை மெல்ல மாற்றிக்கொண்டே வந்தால், 2.87 கிகாஹெர்ட்ஸ் அருகே அந்த ஒளிர்வு குறைந்து, திரையில் ஒரு சிறு பள்ளம் தெரியும்; இதுவே ஒளிவழியே காணும் காந்த ஒத்ததிர்வு. காந்தப்புலம் இருந்தால் பள்ளம் இரண்டாகப் பிரியும்; குறைபாட்டின் அச்சுத் திசையில் ஒரு காஸ் (காந்தப்புல அலகு) புலத்துக்கு இடைவெளி ஏறத்தாழ 5.6 மெகாஹெர்ட்ஸ். குறைபாடுகள் நிறைந்த ஒரு வைரத்துண்டு, பச்சை லேசர், ஒளியை அளக்கும் டையோடு, செம்புக் கம்பி வளையம், நுண்ணலை மூலம் ஆகியவை கிடைத்தால் இதை உங்கள் துறை ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம். லேசர் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மட்டும் தொடங்காதீர்கள். இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

பொறுமை எவ்வளவு தேவை என்பதற்கு ஜெர்மானிய இயற்பியலாளர் யோர்க் ராக்ட்ருப்பின் ஆய்வுப் பாதையைப் பாருங்கள். 1993இல் தனி மூலக்கூறு ஒன்றின் காந்த ஒத்ததிர்வை ஒளிவழியே, கடுங்குளிரில், கண்டறிந்தவர்களுள் அவரும் ஒருவர். 1997இல் கெம்னிட்ஸில் அவர் இடம்பெற்ற குழு, வைரத்தின் தனிக் குறைபாட்டில் அறை வெப்பநிலையிலேயே அதைச் செய்துகாட்டியது. 2008இல் அவருடைய ஸ்டுட்கார்ட் குழுவும் ஹார்வர்டு குழுவும் அந்தத் தனிக் குறைபாட்டையே காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியாக்கின. மிகச் சிறிய மாதிரியில் அணுக்கருக்களின் ஒத்ததிர்வை அளக்க 2013 வரை ஆயிற்று. இருபது ஆண்டுகளும் அவர் துரத்தியது ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான்.

இன்று பெரிய இடையூறு மேற்பரப்பில் இருக்கிறது. அளக்க விரும்பும் தனித் தற்சுழற்சி (எலக்ட்ரான் அல்லது அணுக்கருவின் ஸ்பின்) ஒன்றின் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், குறைபாடு மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் ஆழத்திலேயே இருந்தாக வேண்டும். அவ்வளவு அருகில் வந்தாலோ, மேற்பரப்பின் இரைச்சல் அதன் ஒத்திசைவை, அதாவது குவாண்டம் நிலை கலையாமல் நீடிப்பதை, குலைத்துவிடுகிறது. ஆகவே மேற்பரப்பு வேதியியலையும், கருவிகளை இயக்க பைத்தானையும் கற்றுக்கொள்ளுங்கள்.

தேசிய குவாண்டம் இயக்கத்தில் உணரிகளுக்கான மையம் ஐஐடி பம்பாயில் உள்ளது. கேட் (GATE), ஜெஸ்ட் (JEST) நுழைவுத் தேர்வுகளோடு அங்குள்ள குழுக்களின் கட்டுரைகளையும் படியுங்கள். எந்த ஆய்வகத்துக்கு விண்ணப்பித்தாலும், அங்குள்ள மாணவர்களிடம் ஒன்றை மட்டும் தவறாமல் கேளுங்கள்: கருவியை நீங்களே கட்டினீர்களா, கட்டிவைத்ததை இயக்குகிறீர்களா?