குடையைக் கண்டு பின்வாங்கிய நாய்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் ராட்வைலருக்கு இரண்டு வயது. சுபாவச் சோதனையில் சட்டென்று விரித்த குடையைப் பார்த்து நாலடி பின்னால் பாய்ந்துவிட்டான். கோழை என்று ஒதுக்கிவிடலாமா?

பதில்: பாய்ந்த பிறகு என்ன செய்தான் என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! சோதிப்பவரின் கண் அங்கேதான் இருக்கும். திடுக்கிடுவது எந்த உயிருக்கும் உள்ளதுதான். திடுக்கிட்ட நாய் சில விநாடிகளில் காதை முன்னே திருப்பி, கழுத்தை நீட்டி, பின்னங்கால்களை அங்கேயே ஊன்றியபடி மெல்ல எட்டிக் குடைத்துணியை முகர்ந்துவிட்டால் எனக்கு அது நல்ல நாய். குடையைத் தாண்டிப் போன பிறகும் வால் வயிற்றோடு ஒட்டியே கிடந்தால்தான் கவலை.

1977-இல் தொடங்கிய அமெரிக்க டெம்பரமென்ட் டெஸ்ட் சொசைட்டியின் சோதனையில் குடையோடு துப்பாக்கிச் சத்தம், பிளாஸ்டிக் விரிப்பு, விசித்திரமாக நடந்துகொள்ளும் அந்நியர் எல்லாம் உண்டு. கயிறு தளர்வாக இருக்க வேண்டும், நாயோடு பேசவும் கூடாது. நீங்கள் "உட்கார்" என்று சொல்லிவிட்டால் நாய் குடையை மறந்து உங்கள் சொல்லைக் கேட்கப் போய்விடும். அப்புறம் எதைச் சோதிப்பது?

கேள்வி: அப்படியானால் வீட்டிலேயே குடையை விரித்து விரித்துப் பழக்கிவிட்டால்?

பதில்: தாராளமாகப் பழக்குங்கள், குடைக்குப் பயப்படாத நாய் கிடைக்கும். ஆனால் வினாத்தாளைப் பார்த்துவிட்டு எழுதிய தேர்வு அது. துப்பாக்கிச் சத்தத்துக்குக் காதைக்கூட அசைக்காத ஒரு மாலினாயை (பெல்ஜிய வேலைநாய் இனம்) நான் பார்த்திருக்கிறேன். யாரோ கைதவறிப் போட்ட இரும்பு வாளி உருண்டதும் அவன் காருக்கு அடியில் புகுந்துகொண்டான், வெளியே எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. துப்பாக்கியைப் பழக்கியவர் வாளியைப் பழக்கவில்லை.

கேள்வி: வேலைநாய்களுக்கான ஐ.ஜி.பி. போட்டியில் நல்ல மதிப்பெண் எடுத்த ஆண் நாய். இனப்பெருக்கத்துக்கு அது போதாதா?

பதில்: போதாது என்பேன். இதன் பழைய பெயர் ஷுட்ஸ்ஹுண்ட். ஜெர்மன் ஷெப்பர்ட் வேலைக்கு ஏற்ற நாயாகவே இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ப அடுத்த தலைமுறையைத் தேர்வுசெய்யத்தான் இது தோன்றியது. மோப்பத் தடம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதி, தலா 100 மதிப்பெண். நாளடைவில் அது போட்டியாகவும் வளர்ந்துவிட்டது. கெட்டிக்காரப் பயிற்சியாளர் கையில் சுமாரான நாயும் மேடையேறிவிடும்.

மதிப்பெண் அட்டையை வைத்துவிட்டு நாயைப் பாருங்கள். பழகாத மைதானத்தில், பழகாத ஹெல்பரிடம் (எதிரியாக நடித்துக் கடிபட நிற்கும் ஆள்) எப்படிக் கடிக்கிறது? முழு வாயால் அமைதியாகப் பிடிக்கிறதா, முன்பற்களால் கவ்விக் கவ்வி விடுகிறதா? அவர் கையில் மாட்டும் தடித்த உறையான ஸ்லீவ் கண்ணில் படாவிட்டால் எதிரே நிற்கும் ஆளைக் கவனிக்கிறதா? சில நாய்களுக்கு ஸ்லீவ்தான் உலகம், அதை மாட்டியிருக்கும் மனிதர் வெறும் ஸ்டாண்டு. வேலை கற்க எத்தனை மாதம் ஆனது, எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது என்றும் பயிற்சியாளரிடம் கேளுங்கள். குட்டிகளுக்குப் போவது அந்தச் சுபாவம், அவர் கற்றுக்கொடுத்த "விடு" என்ற கட்டளை போகாது.

கேள்வி: ஏழு வாரக் குட்டியைச் சோதித்து வேலைநாயைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

பதில்: ஒலிக்குச் சுருண்டு எழாத குட்டியைக் கழிக்கலாம், அவ்வளவுதான். நன்றாகத் தூங்கி எழுந்த குட்டிக்கும் வயிறுமுட்டப் பால் குடித்த குட்டிக்கும் மதிப்பெண் மாறிவிடும். மனிதர், இடம், ஓசை எல்லாம் மனதில் பதிவதும் ஏறக்குறைய 3 முதல் 12 வாரத்துக்குள்தான், அதில் பாதி இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. நான் குட்டியை விடத் தாயைத்தான் நெடுநேரம் பார்ப்பேன், அதுவும் சொந்த வீட்டுக்கு வெளியே. ஸ்வீடனில் மனநிலைச் சோதனைக்குக் குறைந்தது 12 மாதம் ஆன நாய்களையே வரச்சொல்கிறார்கள்.

கேள்வி: யாரைக் கண்டாலும் குரைத்துப் பாயும் நாய் தைரியசாலிதானே?

பதில்: பெரும்பாலும் பயந்தாங்கொள்ளி. அந்த ஆள் ஓரடி முன்னே வைத்தால் நாயின் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.