வண்ணம் பூசிய கணப்படுப்பில் பதித்த கல் விழுவது ஏன்?

வணக்கம். வண்ணம் பூசிய செங்கல் கணப்படுப்பின்மேல் (குளிர்காய வீட்டுச் சுவரில் கட்டும் அடுப்பு) முதன்முறையாக மெல்லிய கற்களைப் பதித்ததாகவும், மூன்றாம் நாளே இரண்டு கழன்று விழுந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். விழுந்த கல்லின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். கலவையோடு வண்ணமும் தோலாக உரிந்து வந்திருந்தால், கலவை செங்கல்லைப் பிடிக்கவே இல்லை. மனம் வலித்தாலும் மற்ற கற்களையும் எடுத்துவிட்டு, துத்தநாகம் பூசிய கம்பிவலையைச் செங்கற்சுவரில் திருகாணியால் இறுக்கி, அதன்மேல் சுமார் 12 மி.மீ. கனத்திற்குச் சிமென்ட் கலவை பூசி, காயுமுன் கிடைமட்டமாகக் கீறிவிட்டு, அது இறுகிய பிறகு மூலைக் கற்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு கல்லின் முதுகு முழுவதும் கலவை தடவி, ஓரங்களில் பிதுங்கும்வரை அசைத்து அழுத்த வேண்டும். நெருப்பு வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரப்பலகை எதுவும் வரக் கூடாது; அழகுக்காக இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.