அந்தக் காலத்தில் பெண்கள் நாவல் படிப்பதை வீட்டில் ஏன் தடுத்தார்கள்?

புராணத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, வீடே உட்கார்ந்து கேட்கும். நாவலைத் தனியாக, வாய்க்குள்ளேயே படிக்கலாம். பெண் எதற்குச் சிரிக்கிறாள் என்று அப்பாவுக்குத் தெரியாது. முக்கிய உறுத்தல் அதுதான் என்பேன். காதல், துப்பறியும் கதைகள் என்றால் கேட்கவே வேண்டாம்.

திருவல்லிக்கேணியில் எங்கள் கொள்ளுப்பாட்டி அரிசிப் பானைக்குள் புத்தகத்தை ஒளித்துவைப்பாராம். அட்டையில் ஒட்டிய தவிடு ஒருநாள் காட்டிக்கொடுத்துவிட்டது. புத்தகம் நேரே அடுப்புக்குப் போனது.

அதே திருவல்லிக்கேணியில்தான் வை.மு.கோதைநாயகி அம்மாள் இருந்தார். ஐந்தரை வயதில் திருமணம், பள்ளிக்கூடமே போகாதவர்! 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தினார், 115 நாவல்கள் எழுதினார். அவர் கதை என்றால் மட்டும் கொள்ளுத்தாத்தா கண்டுகொள்ளமாட்டாராம். அப்புறம் அவரே திண்ணையில் உட்கார்ந்து படித்தாராம்.